ஒரு காது திறந்திருக்கட்டும்

புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றும் நாற்காலியில் அம்மா. இரண்டு காதிலும் ஹெட்ஃபோனை மாட்டி, பாட்டைப் போட்டுவிட்டு மகள் கோப்பிக் கடைக்குப் போயிருந்தார். மருந்து பம்ப் விடாமல் கூவுகிறது. அம்மாவுக்கு மட்டும் கேட்கவில்லை.

நல்ல எண்ணம்தான். ஆனால் ஒரு காது திறந்திருக்கட்டும். தாதி கேட்பது விழ வேண்டும். ஊசி ஏறிய இடம் எரிந்தால் உடனே சொல்ல வேண்டும்.

பதற்றத்தில் மூச்சு வாங்குபவருக்கு எடுத்த எடுப்பிலேயே தாலாட்டைப் போட்டால் எரிச்சல்தான் வரும். முதல் பாட்டு அவருடைய அப்போதைய மனநிலைக்கு, மூச்சின் வேகத்துக்கு ஒத்துப்போக வேண்டும். பிறகு பாட்டுக்குப் பாட்டு வேகத்தைக் குறைத்து, நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு வரை இறக்குங்கள். 20, 30 நிமிடம் போதும்.

உயிருக்கு உயிரான பாட்டு மட்டும் அன்றைக்கு வேண்டாம். குமட்டலோடு அது ஒட்டிக்கொண்டால், பின்னொரு நாள் ஒலி 96.8 வானொலியில் கேட்டாலே வயிறு புரட்டலாம்.

சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறுபவர்களுக்குக் காது இரையலாம், கேட்கும் திறன் குறையலாம். சத்தத்தைக் கூட்டாதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இசை பதற்றத்தையும் வலியையும் சோர்வையும் தணிக்க உதவலாம். கட்டியைக் கரைக்காது. (ராகத்தால் புற்றுநோய் ஓடிப்போகும் என்ற வாட்ஸ்அப் செய்தியை அத்தைக்கு அனுப்பாதீர்கள், புண்ணியமாப் போகும்.)

எந்தப் பாட்டு என்பதை அம்மாவிடமே கேளுங்கள். பல வீடுகளில் பிள்ளைகளே முடிவு செய்துவிடுகிறார்கள்.

சில நாள் எதுவும் வேண்டாம் என்பார். கழற்றிவிடுங்கள்.