எஸ்-என் வந்தால் மூக்கு

என் அப்பாவின் குறட்டைக்கு மடிப்பாக்கத்தில் ஓரளவு பெயர் உண்டு. கீழ்வீட்டு மாமா ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்து, "மோட்டார் ரொம்ப நேரமா ஓடுது, டேங்க் நிரம்பிடுச்சான்னு பாருங்க" என்றார். மோட்டாரை நாங்கள் எட்டு மணிக்கே நிறுத்தியிருந்தோம். அவரிடம் அதைச் சொல்லவில்லை. பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன்.

அந்தக் குறட்டைதான் என்னைப் பள்ளிக்கூட வாசல் வரை இழுத்துக்கொண்டு போனது.

மகள் நான்காம் வகுப்பு. திங்கட்கிழமை அவளுக்கு ஆங்கிலச் சொற்பொருள் டெஸ்ட். எஸ், என் என்ற இரண்டு எழுத்தில் ஆரம்பிக்கும் குட்டிக் குட்டி வார்த்தைகளை மிஸ் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார். ஸ்னோர், ஸ்னீஸ், ஸ்னிஃப், ஸ்னவுட், ஸ்னஃப். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாம்பார் சாதம் உள்ளே போன தூக்கத்தில் நான். "ஒண்ணும் ஞாபகம் நிக்கலப்பா" என்று அழுகிற நிலையில் அவள். ஈஸிசேரில் அப்பா மோட்டாரை ஓடவிட்டிருந்தார்.

"அதோ பாரு, அதுதான் ஸ்னோர்" என்றேன்.

தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று எப்படித் தெரியுமோ, அப்பா விழித்துக்கொண்டார். விழித்ததும் அவர் செய்யும் முதல் வேலை பொடி போடுவது. இடுப்பு மடிப்பிலிருந்து டப்பா வந்தது. மூடியை நகத்தால் இரண்டு தட்டு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சிட்டிகை. முதலில் இடது மூக்கு, அப்புறம் வலது. கண் பாதி மூடி, வாய் பாதி திறந்து, முகம் கூரையைப் பார்க்க, வீடே காத்திருந்தது. வந்தது பாருங்கள் ஒரு தும்மல்! நாள்காட்டித் தாள் படபடத்தது.

குறட்டை ஸ்னோர். பொடி ஸ்னஃப். உறிஞ்சுவது ஸ்னிஃப். தும்மல் ஸ்னீஸ். மூஞ்சியை முன்னால் நீட்டிய பன்றிக்கும் நாய்க்கும் ஸ்னவுட், அது மட்டும் அப்பாவிடம் இல்லை. ஒரே ஆள் ஒரே நிமிடத்தில் நான்கு வார்த்தைக்கு டெமோ காட்டிவிட்டார். எனக்குள் பல்பு எரிந்தது.

"கண்ணு, எஸ்-என் வந்தாலே மூக்குதான்!"

"எல்லாமேவாப்பா?"

"எல்லாமேதான்."

அந்த 'எல்லாமே'யை நான் சொல்லியிருக்கக் கூடாது.

சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து நெட்டில் துழாவினால், நான் கண்டுபிடித்ததை ஏற்கெனவே ஒருவர் கண்டுபிடித்துப் பெயரும் வைத்திருந்தார். ஜே.ஆர். ஃபிர்த் என்ற ஆங்கிலேய மொழியியலாளர், 1930-ல். இப்படி ஒரே மாதிரிப் பொருளை நினைவூட்டும் ஒலிக்கூட்டுக்கு 'ஃபோனஸ்தீம்' என்று பெயர். ஜி-எல் வந்தால் வெளிச்சம் என்பதும் இந்த வகைதான்: க்ளோ, க்ளீம், க்ளிட்டர், க்ளிண்ட், க்ளேர். தீபாவளிக்கு முந்தின வாரம் பாண்டி பஜாரில் நடந்தால் எல்லாவற்றையும் ஒரே தெருவில் பார்த்துவிடலாம்.

அப்பா ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார். கேட்டுக்கொண்டே இருந்தவர், "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்றார். தொல்காப்பியம். ஒரு சொல்லுக்கு ஏன் இந்தப் பொருள் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியாதாம்.

"நம்மகிட்டயும் இருக்கேப்பா. மூக்கு, மூச்சு, மூஞ்சி, மூக்குத்தி..."

"மூக்குத்தி சேராது. அது மூக்குலேர்ந்தே வந்தது." விடைத்தாள் திருத்துகிற அதே குரல். "சரி, மூட்டைக்கும் மூக்குக்கும் என்னடா சம்பந்தம்? மூதேவிக்கு?"

"பளபள, பளிச், பளீர், பளிங்கு. எல்லாம் வெளிச்சம்தானே?"

"அப்போ பள்ளிக்கரணை?"

குப்பைமேட்டுப் பக்கமிருந்து காற்றடித்தால் பள்ளிக்கரணை எஸ்-என் கணக்கில்தான் வரும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்த ஃபிர்த் 1934-ல் தமிழ் உச்சரிப்பைப் பற்றியும் எழுதியிருக்கிறார் என்றதும்தான், "அப்படியா? விவரமான ஆளாத்தான் இருப்பார்" என்று இறங்கிவந்தார்.

செவ்வாய்க்கிழமை விடைத்தாள் வந்தது. பத்துக்கு ஆறரை.

தாளின் பின்பக்கத்திலும் ஐந்து வார்த்தைகள் இருந்திருக்கின்றன. நான் திருப்பிப் பார்க்கவே இல்லை. மகள் அசரவில்லை. நான் கொடுத்த சாவி கையில் இருக்கிறதே, அத்தனை பூட்டிலும் போட்டுத் திருப்பியிருக்கிறாள். ஸ்னக் என்றால் கதகதப்பாக, இதமாக இருப்பது. இவள் எழுதியது, 'மூக்குக்குப் போடும் ஸ்வெட்டர்'. ஸ்னேர் என்றால் கண்ணி. இவளுக்கு அது மாட்டின் மூக்கணாங்கயிறு. (கயிறு வரைக்கும் சரிதானே, கால் மார்க் போட்டிருக்கலாம்.) ஸ்னாப் என்றால் தன்னை உசத்தியாக நினைத்துக்கொள்ளும் பந்தாப் பேர்வழி; இவளைப் பொறுத்தவரை 'சளி பிடித்த ஆள்'. ஸ்னாக் என்பது எதிர்பாராத தடங்கல். 'மூக்கடைப்பு' என்று எழுதியதற்கு மிஸ் கொஞ்சம் யோசித்து அரை மார்க் கொடுத்திருந்தார்.

கடைசி வார்த்தை ஸ்னிப். கத்தரியால் சட்டென்று நறுக்குவது. என் மகள் எழுதியிருந்தாள்: 'லட்சுமணன் சூர்ப்பணகைக்குச் செய்தது.'

முழு மார்க்.

அதன் கீழே சிவப்பு மையில், பெற்றோர் வந்து பார்க்கவும் என்று ஒரு வரி. மனைவி அதைப் படித்துவிட்டு, "யார் சொல்லிக் கொடுத்தாங்களோ அவங்களே போகட்டும்" என்று டிபன் பாக்ஸ் கழுவப் போய்விட்டாள்.

போனேன். மிஸ்ஸுக்கு என் வயதில் பாதி இருக்கும். "சார், ஸ்னேக், ஸ்னோ, ஸ்நாக்ஸ் இதுக்கெல்லாம் மூக்கு எங்க சார்?" என்று நேராகவே கேட்டார். வீட்டில் தினமும் புழங்குகிற ஸ்நாக்ஸ்கூட எனக்குத் தோன்றாமல் போனதே! சமாளிக்க வேண்டுமே என்று, முந்தின ராத்திரி படித்ததை எடுத்துவிட்டேன். ஸ்னீஸ் என்பது முதலில் ஸ்னீஸே இல்லை மிஸ். பழைய ஆங்கிலத்தில் தும்மலுக்கு எஃப்-என்னில்தான் ஆரம்பம், ஃப்னீஸ் என்பது போல. போகப் போக அந்த எஃப்-என் வழக்கொழிந்துவிட்டது. அந்தக் காலத்து நீட்டு எஸ் வேறு பார்ப்பதற்கு அச்சு அசல் எஃப் மாதிரியே இருக்கும். யாரோ மாற்றிப் படித்திருக்கிறார்கள். மூக்கு வார்த்தைகளோடு ஒட்டிப்போகவே, அதுவே நிலைத்துவிட்டது. ஆக, இங்கிலீஷ்காரர்களே என் மகள் மாதிரி அடித்துவிட்டவர்கள்தான்.

மிஸ் பொறுமையாகக் கேட்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை, வாயைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தார்.

"சார், உங்க பொண்ணும் எஃப், எஸ் ரெண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுறா. அதைக் கொஞ்சம் கவனிங்க."

வீட்டுக்கு வந்தால் அடுத்த வாரத் தாள் தயாராக இருந்தது. "அப்பா, இந்த வாரம் எஸ்-எல். எஸ்-எல்னா என்னப்பா?"

ஸ்லிப், ஸ்லைட், ஸ்லைம், ஸ்லஷ்... எல்லாமே வழுக்குகிறதே! வாய் வரைக்கும் வந்துவிட்டது. மனைவி ஒன்றும் பேசாமல் தாளை என் கையிலிருந்து வாங்கி, முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.