கடற்கரை நாளும் ஊழியத்தில் ஒரு நாள்தான்

விளையாட்டு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வெப்பமண்டல நாடுகளுக்கு ஊழியப் பயணம் போகும் குழுக்களின் அட்டவணையைப் பாருங்கள். காலைத் தியானம், பயிற்சி முகாம், பள்ளிச் சந்திப்பு, மாலை ஆராதனை என்று ஒவ்வொரு நாளும் மணிவாரியாக எழுதியிருக்கும். கடைசி நாளுக்கு எதிரே மட்டும் "கடற்கரை" என்று ஒரே சொல் இருக்கும். சாலைப் பயணத்தை விட்டுவிட்டால், அந்தப் பத்து நாளில் உயிருக்கு ஆபத்து அதிகமுள்ள நாள் அதுதான். அதற்குத்தான் யாரும் திட்டம் போடுவதில்லை.

மாற்கு 6-ஆம் அதிகாரத்தில் இயேசு சீஷர்களை இரண்டிரண்டு பேராக அனுப்புகிறார். அவர்கள் திரும்பி வந்து நடந்ததையெல்லாம் சொன்னதும், தனியான ஓர் இடத்துக்கு வந்து கொஞ்சம் இளைப்பாறச் சொல்கிறார். அனுப்பியவரேதான் ஓய்வையும் கொடுக்கிறார். அதனால் கடற்கரை நாளை ஊழியத்துக்கு வெளியே தள்ளிவைக்கத் தேவையில்லை, குற்ற உணர்வோடு ஒளித்துவைக்கவும் தேவையில்லை. முகாமுக்கு எடுக்கும் அக்கறையை இதற்கும் எடுத்தால் போதும்.

முதலில் நாள் குறிப்பது. வந்திறங்கிய மறுநாளே கடற்கரை வேண்டாம். உடம்பு புது வெயிலுக்குப் பழக 7 முதல் 14 நாள் ஆகும். முதல் மூன்று நான்கு நாளில்தான் தலைசுற்றலும் தசைப்பிடிப்பும் அதிகம் வரும். கடைசி நாளும் வேண்டாம். வெயிலில் வெந்த தோளில் பையை மாட்டிக்கொண்டு விமானத்தில் உட்கார்வது கொடுமை. அதைவிட முக்கியமான காரணம், யாருக்காவது கால் பிசகினாலோ வயிறு கெட்டாலோ மருத்துவரிடம் போக அவகாசம் இருக்காது. பத்து நாள் பயணத்தில் ஏழாவது அல்லது எட்டாவது நாள் பொருத்தமானது. அதற்குப் பிறகு ஒரு நாள் லேசான பயிற்சியும் பிரியாவிடையும் இருக்கட்டும். அழுத்திய காற்று நிரப்பிய உருளையோடு ஆழ்கடலில் இறங்கும் ஸ்கூபாவை அட்டவணையிலேயே சேர்க்காதீர்கள். முங்கியபின் 18 மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது, தனிப் பயிற்சியும் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையா என்ற கேள்வி எப்போதும் வரும். விளையாட்டு வீரர்களுக்கு அது புதிதல்ல. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்காட்லாந்து ஓட்டவீரர் எரிக் லிடெல் தகுதிச் சுற்று ஞாயிறன்று வந்ததால் 100 மீட்டரை விட்டுவிட்டு, 400 மீட்டரில் 47.6 வினாடியில் தங்கம் வென்றார். மறுவருடமே சீனாவுக்கு ஊழியத்துக்குப் போனார். உங்கள் குழுவின் கொள்கை எதுவானாலும், உங்களை வரவேற்று வீடு கொடுத்த சபை ஞாயிறு ஆராதனையில் உங்களை எதிர்பார்க்கும். கடற்கரைக்கு வார நாளை வைத்துக்கொள்ளுங்கள். கூட்டமும் குறைவாக இருக்கும்.

இனி தண்ணீர். இந்தக் குழுக்களுக்கென்றே ஒரு தனி ஆபத்து உண்டு. சாதாரண வாலிபர் குழுவில் கடலைப் பார்த்துக் கொஞ்சம் பயப்படுகிறவர்கள் இருப்பார்கள். விளையாட்டு வீரர்களுக்குத் தங்கள் உடம்பின்மேல் அபார நம்பிக்கை. கூடைப்பந்திலும் ஓட்டத்திலும் அது உதவும், கடலில் உதவாது. தசை நிறைந்து கொழுப்பு குறைந்த உடம்பு எளிதில் மிதக்காது. கால் பகுதி கீழே இறங்கும், மூச்சு வாங்க அதிகம் உழைக்க வேண்டும். நூறு கிலோ எடை தூக்குகிற பையன் ஒரு நிமிடம் மல்லாந்து மிதக்க முடியாமல் தடுமாறுவான்.

ஆகவே புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே நீச்சல் குளத்தில் சோதித்துவிடுங்கள். ஐந்து காரியங்களை நிறுத்தாமல் செய்ய வேண்டும். தலை மூழ்கும் ஆழத்தில் குதித்து மேலே வருவது, ஒரு நிமிடம் மிதப்பது அல்லது நின்ற இடத்தில் நீந்துவது, முழு வட்டம் திரும்பி வெளியேறும் வழியைப் பார்ப்பது, 25 கெஜம் (ஏறக்குறைய 23 மீட்டர்) நீந்துவது, ஏணியில்லாமல் வெளியே ஏறுவது. இதில் ஒன்று முடியாவிட்டாலும் அவர் கடலில் இடுப்பளவுக்கு மேல் போகக்கூடாது. குழுவின் நட்சத்திர வீரராக இருந்தாலும் இதே விதிதான். முடிவை எல்லார் முன்னிலையிலும் வாசிக்காமல் அவரவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

கரையில் ஆளை விழுங்குவது பெரும்பாலும் பெரிய அலை அல்ல, இழுவை நீரோட்டம். ரிப் கரன்ட் என்று சொல்கிறோமே, அது. அலைகள் கரைக்குத் தள்ளிக்கொண்டுவந்த தண்ணீர் திரும்பிப் போக ஒரு குறுகலான வாய்க்காலைப் பிடித்துக்கொள்கிறது. மேலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் அலை உடைந்து வெண்ணுரையாக இருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கருமையாகத் தெரியும். சில சமயம் நுரையும் மணற்கலங்கலும் அதன்வழியே கடல்பக்கம் நகரும். தெரியாதவர்கள் அலையில்லாத அந்த இடத்தைத்தான் குளிக்கத் தேர்ந்தெடுப்பார்கள். உலகத் தரத்து நீச்சல்காரர் 50 மீட்டரை ஏறக்குறைய 21 வினாடியில் கடப்பார், அதாவது நொடிக்கு 2.4 மீட்டர். வேகமெடுத்த இழுவை நீரோட்டம் நொடிக்கு 2.5 மீட்டர்வரை போகும். எதிர்த்து நீந்தி யாரும் ஜெயிக்க முடியாது. தோற்க மனமில்லாத விளையாட்டு வீரர்தான் எதிர்த்துக்கொண்டே இருந்து களைத்துப்போவார்.

செய்ய வேண்டியதை முந்தின இரவே சொல்லி, கரையில் இன்னொரு முறை வாயால் சொல்லவையுங்கள். மாட்டிக்கொண்டால் எதிர்க்காதே. மல்லாந்து மித, கையைத் தூக்கிக் காட்டு. அது உன்னைக் கீழே இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறி, அலை உடையும் பக்கமாகக் கரைக்கு வா. பார்த்துக்கொண்டிருப்பவர் பின்னாலேயே குதிக்கக் கூடாது. காப்பாற்றப் போய் மூழ்கியவர்கள் ஏராளம். மிதவை, கயிறு கட்டிய வளையம், மூடி இறுக்கிய காலி நீர்க் கேன், எது கையில் இருக்கிறதோ அதை எறிய வேண்டும். மூழ்குகிறவர் கத்துவார், கையாட்டுவார் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் சத்தமே வராது. உடம்பு செங்குத்தாக நிற்கும், வாய் தண்ணீர் மட்டத்தில் மேலும் கீழும் போகும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

உயிர்காப்பாளர் பணியில் இருக்கும் கரையைத் தவிர வேறு கரை வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில்தான் காவல் உண்டு. தனிச் சிவப்பு என்றால் கடல் மோசம் (சில நாடுகளில் அதற்கே இறங்கக் கூடாது என்று பொருள்), இரட்டைச் சிவப்பு என்றால் இறங்கவே கூடாது, ஊதா என்றால் கொட்டும் கடல் உயிரினங்கள் இருக்கின்றன. இது போக குழுவுக்கும் சொந்தக் காவல் வேண்டும். எட்டுப் பேருக்கு ஒருவர் கரையில் நிற்கட்டும். அவர் நனையக் கூடாது, கைபேசியைப் பார்க்கக் கூடாது, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். எல்லாரையும் ஜோடி சேர்த்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை விசில் ஊதினால் ஜோடியாகக் கைபிடித்து நிற்கச் சொல்லுங்கள். இரண்டிரண்டு பேராகப் போவது ஊழியத்தில் ஏற்கெனவே பழக்கம்தான்.

உள்ளூர் சபையின் பிள்ளைகளையும் அழைப்பீர்கள், அழைக்கவும் வேண்டும். கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கெல்லாம் நீச்சல் தெரியும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பலருக்குத் தெரியாது. விருந்தினர் முன்னால் கூச்சத்தில் சொல்லவும் மாட்டார்கள். அவர்களை முழங்கால் ஆழ விளையாட்டில் வைத்து, உங்கள் மாணவர்கள் நான்கு பேரை அவர்களோடு நிறுத்துங்கள்.

ஓடிவந்து தலைகுப்புறப் பாய்வதற்கு முழுத் தடை. மணல் திட்டு ஒரே நாளில் இடம் மாறும். முழங்கால் ஆழத்தில் தலை குத்தினால் கழுத்தெலும்பு முறியும், அதன்பின் ஆயுள் முழுக்கச் சக்கர நாற்காலிதான். மணலில் பெரிய குழி தோண்டுவதும் அப்படித்தான். சரிந்து மூடினால் மேலே இருப்பவர்களால் நேரத்துக்குள் தோண்டியெடுக்க முடியாது. உட்கார்ந்தால் தலை வெளியே தெரியும் ஆழத்தோடு நிறுத்துங்கள், போகும்போது மூடிவிடுங்கள். இடி கேட்டால் எல்லாரும் வண்டிக்குள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்பலாம்.

வெயில் பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் மறக்கும் ஒன்று: மலேரியா தடுப்புக்காகக் குழுவில் பலர் டாக்ஸிசைக்ளின் சாப்பிடுவார்கள். அந்த மாத்திரை தோலை வெயிலுக்கு எளிதாக வேகவைக்கும். முகப்பருவுக்காக அதையோ ஐசோட்ரெட்டினாயினையோ எடுக்கும் மாணவர்களும் உண்டு. வழக்கமாக வெயிலில் கறுக்கவே செய்கிற பெண் கூட ஒரு மணி நேரத்தில் கைமேல் கொப்புளம் கண்டு நிற்பாள். யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்ற பட்டியல் தலைவர் கையில் இருக்கட்டும். வெயிலுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தக் கூடாது, நிழலைக் கூட்ட வேண்டும்.

சன்ஸ்கிரீன் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் ஒரே குழாயை வாங்கிப் போவார்கள். உடம்பு முழுக்க ஒரு முறை பூச ஏறக்குறைய 30 மில்லி வேண்டும். இரண்டு மணிக்கு ஒருமுறை என்று மூன்று தடவை, இருபது பேர் என்றால் 1,800 மில்லி. எஸ்.பி.எஃப். (குழாயில் போட்டிருக்கும் வெயில் தடுப்பு எண்) 30-க்குக் குறையாமல், இறங்குவதற்குக் கால் மணி முன்பே பூச வேண்டும். காது மடல், கழுத்தின் பின்புறம், பாதத்தின் மேல்புறம், முழங்காலின் பின்மடிப்பு ஆகியவைதான் எப்போதும் விட்டுப்போகும். மெல்லிய மேகம் இருந்தாலும் புற ஊதாக்கதிர் பெருமளவு கீழே வரும், மணலும் நுரையும் வேறு பிரதிபலிக்கும். முழுக்கை நீச்சல் சட்டை எல்லாருக்கும் ஒரே நிறத்தில் தைத்துவிட்டால் பூச்சுச் செலவு பாதியாகும், தலை எண்ண எளிது, உடை பற்றி வரவேற்ற சபைக்கு மனச்சங்கடமும் வராது.

நேரத்தை இப்படி வைத்துக்கொள்ளலாம். காலை 7 மணிக்குக் கரையில். 10 மணிவரை தண்ணீர். 10 முதல் 3:30 வரை நிழல். அதன்பின் மணல் விளையாட்டு, மாலை 5:30-க்குப் புறப்பாடு. குடிநீர் ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் என்று வைத்தால், இந்தப் பத்தரை மணி நேரத்துக்கு இருபது பேருக்கு 105 லிட்டர் வரும். கை கால் கழுவ வேறு. ஆனால் "குடி, குடி" என்று வற்புறுத்த வேண்டாம். தாகத்துக்கு மீறி வெறும் தண்ணீரைக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கும், அதுவும் உயிருக்கு ஆபத்துதான். வயிறு கெட்டவர்களுக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வைத்திருங்கள். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தட்டிய அளவு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது.

மணல் கால்பந்தில் காயம்படுவது பெரும்பாலும் கெண்டைக்கால் தசையும் கணுக்காலும்தான். மணலில் ஓட, கெட்டித் தரையைவிட 1.6 மடங்கு சக்தி செலவாகும். அடுத்த மாதம் போட்டி வைத்திருக்கும் மாணவர் இதில் தசை கிழித்துக்கொண்டால் பயிற்சியாளர் அடுத்த வருடம் யாரையும் அனுப்ப மாட்டார். ஈரமான கெட்டி மணலில், பத்துப் பத்து நிமிடமாக, மோதல் இல்லாமல் ஆடுங்கள். ஆடுமுன் எல்லாரும் வரிசையாக நடந்து கண்ணாடி, தூண்டில் முள், கிளிஞ்சல் பொறுக்கிவிடுங்கள். விளையாடும்போது யாராவது உளற ஆரம்பித்தால், தள்ளாடினால், அது வெறும் களைப்பு அல்ல, வெப்பத்தாக்கு. ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு அங்கேயே குளிரவையுங்கள். தார்ப்பாயில் படுக்கவைத்து நான்கு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்தால் தொட்டியாகிவிடும். பனிக்கட்டியும் தண்ணீரும் கொட்டிக் கலக்கிக்கொண்டே இருங்கள். குளிர்ச்சி முதலில், வண்டி பிறகு.

அந்த நடுப்பகல் ஐந்தரை மணி நேரம்தான் நாளின் கனி. சாப்பிட்டுத் தூங்கி எழுந்தபின் 40 நிமிடம் அவரவர் தனியே ஜெபம். பிறகு ஜோடியாக, பிறகு எல்லாரும் வட்டமாக. "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்றுதான் வரும். "நீ பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஒரு பிள்ளையின் பெயரைச் சொல். அவனிடமிருந்து நீ என்ன பெற்றாய்?" என்று கேளுங்கள். மதிப்பெண்ணாலும் வெற்றியாலும் தன்னை அளந்தே வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். சாட்சி சொல்வதையும் போட்டியாக்கிவிடுவார்கள். பேசாமல் இருக்கவும் அனுமதி உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அந்த வட்டத்தில் யாராவது இங்கேயே கடலில் ஞானஸ்நானம் கேட்பது உண்டு. பெற்றோருக்கும் சொந்த சபைப் போதகருக்கும் தெரியாமல் கொடுக்க வேண்டாம். அவர்கள் சம்மதித்தால், காலை நேரத்தில், இடுப்பளவுத் தண்ணீரில், இரண்டு பேர் பிடித்து, பெரிய அலை கடந்தபின் முழுக்குங்கள். நடத்துகிறவர் கடலுக்கு முதுகைக் காட்டக் கூடாது. மூன்றாவது ஒருவர் அலையை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கட்டும்.

செலவையும் சொல்ல வேண்டும். நன்கொடையாளர்கள் கொடுத்தது ஊழியத்துக்கு. கடற்கரை நாளின் வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் மாணவர்களிடமே தனியாக வசூலித்து, அறிக்கையில் தனி வரியாகக் காட்டுங்கள். உள்ளூர்ப் பிள்ளைகளின் குளியல் படங்களைப் பொதுவில் போடவே வேண்டாம்.

முதலுதவிப் பையில் வினிகர் ஒரு லிட்டர், சாமணம், வெந்நீர்க் குடுவை. பெட்டி ஜெல்லி மீன் கொட்டினால் வினிகரை 30 வினாடி ஊற்றி, இழைகளைச் சாமணத்தால் எடுங்கள். நல்ல தண்ணீரால் கழுவவோ மணலால் தேய்க்கவோ கூடாது. திருக்கை முள்ளுக்கும் கடல் முள்ளெலிக்கும் பொறுக்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மிகாத வெந்நீரில் அரை மணியாவது முக்கிவைத்து, பிறகு மருத்துவரிடம். ஆழமற்ற இடத்தில் பாதத்தைத் தூக்காமல் தேய்த்து நடந்தால் திருக்கை விலகிப்போகும்.

நாய் நடமாடும் கரையில் உலர்மணலில் வெறும் உடம்போடு படுக்காதீர்கள். நாய், பூனைக் கழிவிலிருந்து வரும் கொக்கிப்புழுக் குஞ்சு தோலுக்குள் புகுந்து, சில நாளிலோ சில வாரத்திலோ வளைந்து வளைந்து செல்லும் சிவந்த அரிப்புக் கோடாகத் தெரியும். ஊருக்குத் திரும்பியபின் இதைப் படர்தாமரை என்று நினைத்துக் களிம்பு கொடுத்துவிடுவார்கள். அதனால் விடைபெறும் நாளில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தனுப்புங்கள். எந்த நாடு, எந்தத் தேதிகள், எந்த மலேரியா மாத்திரை, அதை எந்தத் தேதிவரை தொடர வேண்டும் என்று அதில் இருக்கட்டும். டாக்ஸிசைக்ளின் என்றால் அந்தப் பகுதியை விட்டபின் நான்கு வாரம். கீழே ஒரு வரி: "காய்ச்சலோ தோலில் நகரும் கோடோ வந்தால், ஒரு வருடம் கழித்து வந்தாலும் சரி, இந்தச் சீட்டை மருத்துவரிடம் காட்டு."