சென்னைத் தெருவுக்கு ஸ்ட்ரோலர் வாங்கும்போது

கடையில் தள்ளிப் பார்த்தால் எல்லா ஸ்ட்ரோலரும் நன்றாகத்தான் ஓடும். வழவழப்பான டைல்ஸ் தரை, உள்ளே குழந்தையும் இல்லை. அதே வண்டியை மயிலாப்பூர் சந்து ஒன்றில் இறக்கினால் பத்தடிக்குள் குணம் தெரிந்துவிடும். அதனால் நிறம், விலை, கப் ஹோல்டர் எல்லாம் அப்புறம். முதலில் குனிந்து சக்கரத்தைப் பாருங்கள்.

மலிவான வண்டிகளில் 5, 6 அங்குல கெட்டி பிளாஸ்டிக் சக்கரங்கள்தான் இருக்கும். சின்னச் சக்கரம் மேட்டில் ஏறாமல் முட்டி நிற்கும். நாம் தள்ளிய வேகத்தில் வண்டி முன்பக்கமாகக் கவிழப் பார்க்கும். பெயர்ந்த நடைபாதைக் கல், ஜல்லி, மழைநீர் வடிகால் மூடியின் இடுக்கு என்று எங்கும் இதே தொல்லைதான். சக்கரத்தின் விட்டம் கூடக்கூட மேடு ஏறுவது சுலபமாகும். பின்சக்கரம் 8 அங்குலமாவது இருக்கட்டும். காற்றடைத்த டயர் அதிர்வை நன்றாகத் தாங்கும். ஆனால் பஞ்சர் ஆகும், அந்த அளவு டியூப் தேடி அலைய வேண்டியிருக்கும். ஃபோம் நிரப்பிய ரப்பர் டயரும், முன்சக்கரத்துக்கு ஸ்பிரிங்கும் இருந்தால் நம் ஊருக்குப் போதும். சுழலும் முன்சக்கரத்தை நேராகப் பூட்டும் வசதி கட்டாயம் வேண்டும். பூட்டாவிட்டால் கல்லில் பட்டதுமே சக்கரம் குறுக்கே திரும்பிக்கொள்ளும்.

நடைபாதையில் ஏற்றும்போது கைப்பிடியைக் கீழே அழுத்தி, முன்சக்கரத்தைத் தூக்கி மேலே வைத்துப் பிறகு தள்ள வேண்டும். இறக்கும்போது நாம் முதலில் இறங்கி, வண்டியைப் பின்பக்கமாக, பின்சக்கரம் முதலில் வருமாறு இழுக்க வேண்டும். கடையிலேயே வாசல்படி ஒன்றில் இதைச் செய்து பாருங்கள். கைப்பிடியை அழுத்தும்போது சட்டம் வளைந்து முனகினால் அந்த வண்டி வேண்டாம்.

பெரிய சக்கரம் என்றால் எடையும் கூடும். 9 முதல் 12 கிலோ வரை வரும். லிஃப்ட் இல்லாத மாடி வீட்டில் ஒரு கையில் குழந்தை, மறு கையில் இந்த வண்டி என்று ஏறுவது ஆபத்து. அப்படிப்பட்ட வீட்டுக்கு 7 கிலோவுக்கு உட்பட்ட, ஒரே கையால் மடிக்கக்கூடிய வண்டியை எடுத்து, பூங்கா, மெட்ரோ, விமான நிலையம் போன்ற இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்கு நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் பேபி கேரியரே மேல். லிஃப்ட் இருந்தால் அதன் கதவு அகலத்தையும், காரின் டிக்கியையும் டேப் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். ஆட்டோவில்தான் அதிகம் போவீர்கள் என்றால், மடித்த வண்டி இருக்கைக்குப் பின்னால் உள்ள இடத்தில் அடங்குமா என்று பார்க்க வேண்டும்.

பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது. சாய்ந்து உட்காரும் நிலையில் தலை முன்னால் விழுந்து, தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சுக்குழாய் அடைபடும். தட்டையாகப் படுக்க வைக்கும் வசதி இல்லாத வண்டியில் முதல் ஆறு மாதம் குழந்தையை வைக்கவே கூடாது. “0+”, அதாவது பிறந்ததிலிருந்தே வைக்கலாம் என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாமல், முதுகுப் பலகையை முழுக்கச் சாய்த்துக் கண்ணால் பாருங்கள்.

பெல்ட் தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால் இடுக்கில் ஒன்று என ஐந்து முனையில் பிடிக்க வேண்டும். இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தால், எழுந்து நிற்கப் பழகிய குழந்தை நழுவி வெளியே வந்துவிடும். பிரேக் ஒரே மிதியில் இரண்டு பின்சக்கரத்தையும் பூட்டுவதாக இருப்பது நல்லது. கடைக்காரரிடம் சொல்லி, 10 கிலோ எடை வைத்து, சாய்தளத்தில் நிறுத்திச் சோதியுங்கள்.

மடிப்பு மூட்டுகளை ஒருபோதும் அலட்சியம் செய்யாதீர்கள். குடை போல் மடங்கும் வண்டியை உலகுக்குக் கொடுத்த மெக்லாரன் நிறுவனமே, குழந்தைகளின் விரல்நுனி துண்டான சம்பவங்களுக்குப் பிறகு, 2009-இல் அமெரிக்காவில் விற்ற சுமார் பத்து லட்சம் வண்டிகளின் மூட்டுகளுக்கு மூடி கொடுக்க வேண்டியிருந்தது. மூட்டு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். விரிக்கும்போதும் மடிக்கும்போதும் குழந்தை வேறொருவர் கையில் இருக்கட்டும்.

காய்கறிப் பையைக் கைப்பிடியில் மாட்டும் பழக்கம் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. குழந்தையைத் தூக்கிய அடுத்த நொடி வண்டி பின்னால் சாய்ந்து விழும். லேசான குழந்தை என்றால் உள்ளே இருக்கும்போதே விழும். பை கீழே உள்ள கூடைக்குத்தான் போக வேண்டும். வெயிலுக்குத் துண்டு போட்டு மூடுவதும் கூடாது. காற்றோட்டம் நின்று உள்ளே சூடு ஏறும், குழந்தையின் முகமும் நமக்குத் தெரியாது. முழங்கால்வரை வரும் பெரிய கூரையும், பின்பக்கம் வலைத்துணியும் உள்ள வண்டி சித்திரை, வைகாசிக்கு உதவும்.

பழைய வண்டி வாங்குவதில் தவறே இல்லை. விரித்ததும் பூட்டு ‘கிளிக்’ என்று விழுகிறதா, பக்கிளை ஓங்கி இழுத்தாலும் நிற்கிறதா, சக்கரம் அச்சில் ஆடுகிறதா என்று மட்டும் பாருங்கள். மெரினாவுக்கு அடிக்கடி போன வண்டி என்றால் அச்சில் மணலும் துருவும் இருக்கும். சக்கரத்தைக் கழற்றி, கழுவிக் காயவைத்து, சிலிகான் ஸ்பிரே அடிக்கலாம். தேங்காய் எண்ணெய் விட்டால் தூசி ஒட்டி, சில வாரத்தில் முன்னைவிட மோசமாக இறுகும்.