மூக்கை நம்புகிறவர்களுக்குப் பயிற்சி அளிப்பது

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி போன்ற பழைய வட ஆற்காட்டின் தோல் தொழில் ஊர்களில் பாதுகாப்புப் பயிற்சி என்றாலே ஒரு வார்ப்பு வந்துவிடுகிறது. கேன்டீனில் ப்ரொஜெக்டரை வைத்து, வெளியூரிலிருந்து வந்த ஒருவர் ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டி, வருகைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பிவிடுகிறார். அந்தத் தாள் ஆடிட்டுக்கு உதவும். கழிவுநீர்த் தொட்டியில் இறங்குகிறவருக்கு உதவாது. இந்தப் பகுதியில் பயிற்சி நடத்துகிறவன் என்ற முறையில், பெரியவர்களுக்கான பயிற்சியை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பெரியவர்கள் கற்கும் விதத்துக்கு ‘ஆண்ட்ரகாஜி’ என்று தனிப் பெயர் சூட்டியவர் அலெக்சாண்டர் காப் என்ற ஜெர்மன் ஆசிரியர், ஆண்டு 1833. அந்தப் பெயரை உலகறியச் செய்தவர் அமெரிக்கரான மால்கம் நோல்ஸ். ஏன் கற்க வேண்டும் என்று தெரிந்தால்தான் பெரியவர்கள் கற்பார்கள், தம்மைத் தாமே நடத்திக்கொள்ள விரும்புவார்கள், கண்முன் நிற்கும் சிக்கலுக்கு விடை தேடியே வருவார்கள், கைநிறைய அனுபவத்தோடு வருவார்கள் என்பவை அவர் முன்வைத்தவற்றுள் முக்கியமானவை. 1970இல் சிறுவர் கல்விக்கு நேர் எதிரானதாக இதை வைத்த அவரே, 1980இல் இரண்டும் ஒரே கோட்டின் இரு முனைகள் என்று தம் கருத்தைத் தளர்த்திக்கொண்டார். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஆனால் அனுபவத்தை மதிக்க வேண்டும் என்று சொல்லும் பயிற்சியாளர்களில் பலர், மூத்த தொழிலாளி ஒருவரை எழுப்பி இரண்டு வார்த்தை பேசவைத்து, கைதட்டிவிட்டு, மறுபடி ஸ்லைடுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அனுபவம் சொல்லித்தருவதில் எது சரி, எது ஆளைக் கொல்லும் என்று அவரோடு உட்கார்ந்து பிரித்துப் பார்க்காதவரை, அந்த மதிப்பு வெறும் மரியாதைதான்.

ஹைட்ரஜன் சல்பைடு வாயுவையே எடுத்துக்கொள்ளலாம். தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவுநீரில் அமிலக் கழிவுநீர் கலந்தாலும், தொட்டியின் அடியில் சேறு அழுகினாலும், இந்த விஷவாயு உண்டாகிறது. அழுகிய முட்டை நாற்றம் என்று தொழிலாளர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த நாற்றத்தை வைத்தே அபாயத்தை அளக்கவும் பழகியிருக்கிறார்கள். “நாத்தம் அடிச்சா வெளிய வந்துடுவோம் சார், நாத்தமே போயிட்டா அப்புறம் இன்னா பயம்?” என்று தோலைப் போட்டுச் சுழற்றும் பெரிய உருளைகள் இருக்கும் டிரம் பகுதியில் பல ஆண்டு வேலை பார்த்த ஒருவர் என்னிடம் கேட்டார். அவருடைய கணக்கு மிகக் குறைந்த அளவுக்குச் சரி, ஏனென்றால் காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே மூக்கு அதைக் கண்டுகொள்ளும். ஆனால் பத்து லட்சத்துக்குச் சுமார் நூறு பங்கை எட்டியதும், சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும், நாற்றம் நின்றுபோகும். அவர் நிம்மதி அடைகிற அதே கணத்தில்தான் அபாயம் பெருகத் தொடங்கியிருக்கும்.

இதை ஸ்லைடில் எழுதிக் காட்டினால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். எனவே விளக்கத்தைக் கடைசிக்குத் தள்ளி, கேள்வியை முதலில் வைக்கிறேன்: தொட்டியில் இறங்கியவர் மயங்கி விழுந்துவிட்டார், முதல் நிமிடத்தில் என்ன செய்வீர்கள்? ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: இறங்கித் தூக்குவோம். விஷவாயு விபத்துகளில் ஒருவருக்குப் பின் ஒருவராக இறங்கிப் பலர் இறப்பதன் காரணம் அந்தப் பதிலுக்குள்ளேயே இருக்கிறது, அதுவும் அறியாமையாக இல்லாமல் பாசமாக இருக்கிறது. பாசத்தை எதிர்த்து வாதாடிப் பயனில்லை. வேறொரு வழியைக் கைக்குப் பழக்கித்தான் தர முடியும். காலியான, கழுவிய தொட்டி ஒன்றில் மணல் மூட்டையை இறக்கி, இடுப்புப் பட்டை மாட்டி, தொட்டி வாய்க்கு மேலே மூன்று கால் தாங்கி ஒன்றை நிறுத்தி, கப்பியில் கயிற்றை இழுக்கச் சொல்கிறேன். உள்ளே ஒருவரும் இறங்காமல் மூட்டை மேலே வந்ததும் பேச்சு மாறுகிறது: கயிறு எங்கே இருக்கும், இரவு ஷிப்டில் சாவி யாரிடம், பட்டையை முன்கூட்டியே மாட்டாமல் இறங்கியவரை எப்படி இழுப்பது? விஷவாயுவின் அளவைக் காட்டும் வாயுமானியை மேல், நடு, அடி என்று மூன்று இடங்களிலும் இறக்கிப் பார்க்க வேண்டும், இந்த வாயு காற்றைவிடக் கனமானது என்று அந்த இடத்தில் சொன்னால், அது கேட்டவருக்கே தேவைப்பட்ட பதிலாகிவிடுகிறது.

நினைவு பற்றிய ஆய்வுகளும் இந்தப் பக்கமே நிற்கின்றன. ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இலேயே, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, ஒரே நாளில் எவ்வளவு உதிர்ந்துபோகிறது என்று தம்மையே சோதித்துக் காட்டினார். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் செய்த சோதனையில், பாடத்தை மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். அதனால்தான் ஒரு முழுநாள் வகுப்பைவிட, வாரத்துக்கு ஒருமுறை ஷிப்ட் தொடங்கும்போது கால் மணி நேரம் கேட்கிறேன். நிர்வாகம் தருவதற்குத் தயங்குவதும் அந்தக் கால் மணி நேரத்தைத்தான். படித்தால் பத்து விழுக்காடு, செய்தால் தொண்ணூறு விழுக்காடு நினைவில் நிற்கும் என்ற கூம்புப் படம் இன்னும் பல பயிற்சி வகுப்புகளில் காட்டப்படுகிறது. அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1946இல் வரைந்த மூலக் கூம்பில் எந்த எண்ணும் கிடையாது. அவை பின்னால் யாரோ ஒட்டியவை.

மொழியையும் மானத்தையும் கவனிக்காமல் திட்டமிட முடியாது. ஆம்பூர், வாணியம்பாடியில் வீட்டில் உருது பேசுகிறவர்களும், வடக்கிலிருந்து வந்து இந்தி மட்டுமே அறிந்தவர்களும் ஒரே குழுவில் இருப்பார்கள். எழுத்துத் தேர்வு வைத்தால், எழுதப் படிக்கத் தடுமாறும் மேஸ்திரி தம் ஆட்கள் முன் கூனிக் குறுகி, அடுத்த வகுப்புக்கு வராமல் நின்றுவிடுவார். செய்து காட்டச் சொன்னால் அவரே முதலில் வருவார், மற்றவர்களைத் திருத்தவும் செய்வார்.

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959இல் பயிற்சியை அளக்க நான்கு படிகள் வகுத்தார்: பிடித்திருந்ததா, கற்றார்களா, வேலையில் நடந்துகொள்ளும் விதம் மாறியதா, விளைவு கிடைத்ததா. நம் ஃபீட்பேக் ஃபாரங்கள் முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன. நான் நிர்வாகத்திடம் கேட்பது மூன்றாம் படியை: ஒரு மாதம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல் இரவு ஷிப்டுக்குப் போய், தொட்டியின் மூடியைத் திறப்பதற்கு முன் வாயுமானியை எடுக்க யாராவது அறைக்குப் போகிறார்களா, அந்த அறை பூட்டியிருந்தால் வேலையை நிறுத்துகிறார்களா என்று சூப்பர்வைசர் பார்த்து எழுதித் தர வேண்டும்.