சொந்தக் கதை வேண்டாம்

கனடாவின் ஸ்காபரோவில் புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளோடு நாடகப் பட்டறை நடத்துவது என் வேலை. தொடக்கத்திலேயே ஒரு விதி சொல்லிவிடுவேன்: யாரும் சொந்தக் கதை சொல்லக் கூடாது. நிதி தருகிறவர்களுக்கு இது அவ்வளவாகப் பிடிக்காது. ஒரு பிள்ளை மேடையில் தன் கதையைச் சொல்லி அழுதால்தான் அவர்களுக்கு நிகழ்ச்சி நடந்த மாதிரி. அழுத பிள்ளை மறுநாள் அதே வகுப்பில் போய் உட்கார வேண்டும் என்பது எந்த அறிக்கையிலும் வராது.

நாங்கள் கையாள்வது பிரேசில் நாடக இயக்குநர் அகுஸ்தோ போவாலின் முறை. 1971இல் பிரேசில் இராணுவ ஆட்சி அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தது. அப்புறம் நாடுவிட்டு நாடு வாழ்க்கை. பொலிஸ், முதலாளி என்று நாடகம் போட்டுப் பழகியவருக்கு, ஐரோப்பாவில் பட்டறைக்கு வந்தவர்கள் தனிமை, வெறுமை என்று சொன்னது முதலில் பெரிதாகப் படவில்லை. அங்கே தற்கொலை செய்பவர்கள் எத்தனை பேர் என்று கவனித்த பிறகுதான் பாரிஸில், வெளியே யாரும் இல்லாதபோதும் உள்ளிருந்தே அடக்குகிற குரலைப் பற்றி 'தலைக்குள் பொலிஸ்' என்று தனிப் பட்டறை தொடங்கினார். எங்கள் பிள்ளைகளின் தலைக்குள் இருப்பது பொலிஸ் அல்ல. "உனக்காகத்தானே எல்லாத்தையும் விட்டிட்டு வந்தனாங்கள்" என்ற குரல்.

ஒரு குழு போட்ட காட்சி இது. குடும்ப வைத்தியரிடம் அம்மாவுக்காக மகன் மொழிபெயர்க்கிறான். "இரவில நித்திரையே இல்லை. ஏன் இருக்கிறன் எண்டு வருது" என்கிறார் அம்மா. மகன் வைத்தியரைப் பார்த்து, "கொஞ்சம் தலையிடியாம்" என்கிறான். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு சட்டென்று நின்றும் போனது.

இந்த முறையில் பார்க்கிறவர் யாரும் "நிறுத்து" என்று சொல்லி, மகனின் இடத்தில் ஏறி நடித்துப் பார்க்கலாம். ஒருத்தி ஏறி ஒன்று விடாமல் மொழிபெயர்த்தாள். அம்மாவாக நடித்த பெடியன், "இதையெல்லாம் ஏன் சொல்லுறாய்?" என்று பாய்ந்தான். அடுத்து ஏறியவன், தனக்கும் நித்திரை வருவதில்லை என்று வைத்தியரிடம் சேர்த்துச் சொன்னான். சொன்னது அவனா, பாத்திரமா? நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்குத்தான் அந்த விதி. உளவள ஆலோசகர் ஒருவர் எப்போதும் கூடவே இருப்பார்; வேண்டியவர்கள் பிறகு அவரிடம் போவார்கள்.

அப்புறம் ஒருத்தி வைத்தியரின் இடத்தைக் கேட்டாள். பாதிக்கப்பட்டவரின் இடத்தில்தான் ஏறலாம் என்பது போவாலின் பொது வழக்கம். சரி, ஏறட்டும் என்று விட்டேன். "தம்பி, நீங்கள் வெளியில இருங்கோ. நான் போனில மொழிபெயர்ப்பாளரை எடுக்கிறன்" என்றாள். மகனாக நடித்தவன், "அப்ப நான் கேம் விளையாடலாமோ?" என்று கேட்க மறுபடி ஒரே சிரிப்பு. அம்மா மட்டும் கதிரையைவிட்டு எழும்பி, "மகன் இல்லாமல் நான் கதைக்க மாட்டன்" என்றார். மிச்ச நேரம் முழுக்க அந்த ஒரு வரிக்கே போனது.