28 தோல்விகளும் டெட்ராய்ட் ரசிகர்களும்

2023 டிசம்பர் 28 அன்று அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில், பாஸ்டனில் நடந்த ஆட்டத்தின் முதல் பாதியில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி 21 புள்ளிகள் வரை முன்னிலை பெற்றது. அதற்கு முன் 27 ஆட்டங்களைத் தொடர்ந்து தோற்றிருந்த அணி அது. நமக்கு அது மறுநாள் விடிகாலை. ஊற்றிவைத்த காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு எப்படியும் கரையேறிவிடுவார்கள் என்றுதான் இடைவேளையில் நினைத்தேன். ஆனால் முன்னிலை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், 128-122 என்று பாஸ்டன் செல்டிக்ஸ் வென்றது. ஒரே பருவத்தில் தொடர்ந்து 28 ஆட்டங்களைத் தோற்ற அணி என்.பி.ஏ.வில் அதுவரை இருந்ததில்லை.

1989, 1990, 2004 ஆகிய ஆண்டுகளில் சாம்பியன் பட்டம் வென்ற அணிக்கா இந்த நிலை என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு முன்கதை. 2004இல் ஷாக்கில் ஓ'நீலும் கோபி பிரையன்டும் ஆடிய லேக்கர்ஸ் அணியை 4-1 என்று வீழ்த்திய அந்த பிஸ்டன்ஸ், பெரிய நட்சத்திரம் என்று ஒருவரைச் சுட்டிக்காட்ட முடியாத அணி. பின்னாளில் நிர்வாகம் அதற்கு நேர்மாறான வழியில் போனது. 2018இல் டொபையஸ் ஹாரிஸ் உள்ளிட்டோரைக் கொடுத்து, பெருந்தொகை ஒப்பந்தத்தில் இருந்த நட்சத்திர வீரர் பிளேக் கிரிஃபினை வாங்கியது. அவருடைய முழங்கால் ஒத்துழைக்கவில்லை. 2020க்குப் பிறகு அணியைக் கலைத்து அடியிலிருந்து கட்டத் தொடங்கினார்கள். அடுத்தடுத்த பருவங்களில் கிடைத்த வெற்றிகள் 20, 23, 17.

புதிய இளம் வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்'டில், மோசமாக ஆடிய அணிக்கே முன்னிடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே தோற்றால் நல்ல இளம் வீரர் கிடைப்பார் என்பதுதான் இந்த வகைக் கட்டுமானத்தின் அடிப்படைக் கணக்கு. பிலடெல்ஃபியா 76அர்ஸ் அணி 2013 முதல் மூன்று பருவங்களில் முறையே 19, 18, 10 ஆட்டங்களை மட்டுமே வென்று, அந்தக் கணக்கை வெளிப்படையாகவே போட்டது. இதைக் கண்டு சலித்த என்.பி.ஏ., 2019இலிருந்து அந்த வரிசையை முடிவுசெய்யும் டிராஃப்ட் குலுக்கலின் விதியை மாற்றியது. அந்த விதிப்படி, முதல் இடம் கிடைக்கும் வாய்ப்பு கடைசி மூன்று அணிகளுக்கும் சமமாக 14 சதவீதம்தான். அதைவிட முக்கியமாக, மிக மோசமாக ஆடிய அணி ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்படும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. பிஸ்டன்ஸுக்கு நடந்தது அதுதான். 2021இல் முதல் இடம் கிடைத்து கேட் கன்னிங்ஹாம் வந்தார். ஆனால் 17 ஆட்டங்களை மட்டும் வென்று கடைசியில் நின்ற 2023இல், எல்லா அணிகளும் ஏங்கிய இளம் வீரர் விக்டர் வெம்பன்யாமா சான் அன்டோனியோ அணிக்குப் போக, டெட்ராய்ட்டுக்கு ஐந்தாம் இடம். அடுத்த ஆண்டு 14 வெற்றிகளோடு மறுபடியும் கடைசி. மறுபடியும் ஐந்தாம் இடம். தோற்பதையே முதலீடாகக் கொண்டவர்களுக்கு இதைவிடப் பெரிய நட்டக் கணக்கை யாராலும் காட்ட முடியாது.

ரசிகர்கள் இதை எப்படித் தாங்கினார்கள் என்பதில்தான் எனக்கு அதிக ஆர்வம். டிசம்பர் 26 அன்று சொந்த அரங்கில் புரூக்ளினிடம் 27ஆவது முறையாகத் தோற்றபோது, கன்னிங்ஹாம் ஒருவரே 41 புள்ளிகள் எடுத்திருந்தார். அரங்கத்திலிருந்து எழுந்த கோஷமோ 'அணியை விற்றுவிடு' என்று உரிமையாளர் டாம் கோர்ஸை நோக்கியது. அதை அவமானம் என்று பலர் எழுதினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், தோல்வி ஏறக்குறைய நிச்சயம் என்று தெரிந்தும் காசு கொடுத்து வந்து உட்கார்ந்தவர்கள் அவர்கள். தோல்வி மட்டுமே அவர்களைக் கத்தவைக்கவில்லை. நேற்றுத் தோற்ற அதே விதத்தில் இன்றும் தோற்பதையும், நாளை என்ன மாறும் என்று யாரும் சொல்லாததையும்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. பாஸ்டன் ஆட்டத்துக்கு இரண்டு நாள் கழித்து டொரான்டோவை 129-127 என்று வென்று தொடர் தோல்விக்கு முற்றுப்புள்ளி வைத்தபோது கணக்கு 3 வெற்றி, 29 தோல்வி.

அந்தப் பருவத்து ஆட்டத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் கோளாறு எங்கே என்பது புரியும். கன்னிங்ஹாம் பந்தைத் தட்டிக்கொண்டு கூடையை நோக்கி வரும்போது, மூலையில் நிற்கும் சக வீரர் தூரத்திலிருந்து எறிந்து போட மாட்டார் என்று எதிரணிக்குத் தெரியும். ஆகவே அவரைக் காக்க வேண்டிய தடுப்பாளர் தைரியமாக அவரை விட்டுவிட்டு உள்ளே வந்துவிடுவார். கன்னிங்ஹாமின் முன்னால் ஒருவருக்குப் பதில் மூவர் நிற்பார்கள். எவ்வளவு திறமை இருந்தாலும் அந்தச் சந்துக்குள் என்ன செய்ய முடியும்?

2024 கோடையில் நிர்வாகத் தலைவராக டிரஜன் லாங்டன் வந்தார். 6 ஆண்டுகளுக்கு சுமார் 7.85 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றிருந்த பயிற்சியாளர் மான்டி வில்லியம்ஸ் ஒரே பருவத்தில் அனுப்பப்பட்டு, ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் அமர்த்தப்பட்டார். ஆனால் அணியைத் தூக்கி நிறுத்தியதில் பெரும் பங்கு, யாரும் அவ்வளவாகக் கொண்டாடாத மூன்று வரவுகளுக்கு உண்டு என்பேன்: 2018இல் தாங்களே அனுப்பிவைத்த அதே டொபையஸ் ஹாரிஸ், டிம் ஹார்டவே ஜூனியர், மாலிக் பீஸ்லி. மூவரும் அனுபவசாலிகள், தூரத்திலிருந்து எறியக் கூடியவர்கள். பீஸ்லி அந்தப் பருவத்தில் மட்டும் 319 முறை அப்படித் தூரத்திலிருந்து எறிந்து மூன்று புள்ளிகள் எடுத்தார். மூலையில் அவர் நிற்கும்போது தடுப்பாளரால் உள்ளே நகர முடியாது; கன்னிங்ஹாமுக்குச் சந்து சாலையானது. இளைஞர்களை மட்டும் கூட்டிவைத்துவிட்டு அவர்கள் தாமாக வளர்வார்கள் என்று காத்திருந்த நான்கு ஆண்டுகளை நினைத்தால், இந்த எளிய வைத்தியம் ஏன் முன்பே தோன்றவில்லை என்று ஆத்திரம்தான் வருகிறது.

முந்தைய பருவத்தின் 14 வெற்றி 44 ஆனது. 2025 ஏப்ரலில், பட்டத்துக்கான 'பிளே ஆஃப்' ஆட்டங்களின் முதல் சுற்றில் நியூயார்க் நிக்ஸை அவர்களுடைய அரங்கிலேயே 100-94 என்று வென்றபோது, 2008க்குப் பிறகு பிஸ்டன்ஸ் வென்ற முதல் பிளே ஆஃப் ஆட்டம் அது. தொடர் என்னவோ 4-2 என்று நியூயார்க்குக்குத்தான் போனது. அதிலும் டெட்ராய்ட்டில் நடந்த நான்காவது ஆட்டத்தை மறக்க முடியாது. 94-93 என்று பின்தங்கியிருந்த கடைசி நொடியில் ஹார்டவே மூலையிலிருந்து எறிய எழும்பியபோது ஜாஷ் ஹார்ட் அவர்மேல் மோதினார், விசில் ஊதப்படவில்லை. அது ஃபவுல்தான் என்று தலைமை நடுவர் ஆட்டம் முடிந்த பிறகு ஒப்புக்கொண்டார். நமக்கு நள்ளிரவு தாண்டி முடிந்த ஆட்டம் அது. திங்கள் காலை அலுவலகத்தில், கூடைப்பந்தே பார்க்காத நண்பர் ஒருவரைப் பிடித்துவைத்து, ஊதாத அந்த விசிலைப் பற்றி அரைமணி நேரம் புலம்பினேன். 2023 டிசம்பரில் அதே நண்பர் எந்த அணியைப் பார்க்கிறாய் என்று கேட்டபோது, கூச்சத்தில் பேச்சை மாற்றியிருந்தேன்.