இரண்டு கம்பி வயரும் நாலு கம்பி வயரும்

ஐப்பசி மழை திருகோணமலையில் சும்மா வருவதில்லை. பின்னேரம் நாலு மணிக்குக் கன்னியாப் பக்கம் கறுக்கும். ஐந்து மணிக்கு இடி உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அப்படி ஒரு சனிக்கிழமைதான் எங்கள் உப்புவெளி வீட்டு ரவுட்டர் 'டப்' என்ற ஒரு சத்தத்தோடு கண்ணை மூடியது. கரண்ட் பிளக்கைக் கவனமாகக் கழற்றி வைத்திருந்தேன். டெலிபோன் லைனைக் கழற்ற மறந்துவிட்டேன். மின்னல் அந்த வழியால் வந்துவிட்டது.

முறைப்பாடு சொல்லக் கோல் எடுத்தேன். "ஆள் வர ஒரு கிழமை செல்லும் ஐயா, இடியால கன வீட்டு லைன் போயிருக்கு" என்றார்கள். வேறு நேரமென்றால் நல்லதாய்ப் போயிற்று என்று புத்தகம் எடுத்துக்கொண்டு விறாந்தையில் இருந்திருப்பேன். ஆனால் கையில் கோயில் கும்பாபிஷேக மலர். 164 பக்கம். பக்கம் வடிவமைத்துக் கொடுக்கும் பொறுப்பை வாய் தவறி நான் ஏற்றிருந்தேன். திங்கட்கிழமை காலை கொழும்பில் அச்சகத்தாருக்கு பி.டி.எப். கிடைக்க வேண்டும். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. அவர்கள் புரூப் அனுப்ப, நான் திருத்தி அனுப்ப, வாழ்த்துரை பிந்திக் கொடுத்தவர்களுக்கு இடம் பிடிக்க என்று அந்தக் கிழமை முழுக்கக் கம்பியூட்டருக்கு நெட் வேண்டும்.

என் கம்பியூட்டர் பழைய டெஸ்க்டொப். வைஃபை இல்லை. போனில் ஹொட்ஸ்பொட் போட்டால் வீட்டில் இருக்கிற டிவிகூடப் பிடிக்கும், இது மட்டும் பிடிக்காது. யூ.எஸ்.பி. வாயில் செருகுகிற சின்ன வைஃபை டொங்கிள் ஒன்று வாங்கினால் முடிந்த கதை. ஞாயிற்றுக்கிழமை, கொட்டுற மழை, கடை பூட்டு.

பேராதனையில் பொறியியல் படிக்கிற மருமகனுக்கு மனைவியின் போனிலிருந்து கோல் எடுத்தேன்.

"மாமா, போன் சார்ஜ் போடுற வயர் இருக்குத்தானே? அதால போனையும் கம்பியூட்டரையும் கொழுவிப்போட்டு யூ.எஸ்.பி. டெதரிங்கைப் போடுங்கோ. போன் நெட் வயரால கம்பியூட்டருக்குப் போகும். ரெண்டு நிமிச வேலை."

அந்த இரண்டு நிமிடம் இரவு பதினொன்றரை வரை போயிற்று.

போன் செட்டிங்ஸில் 'நெட்வேர்க் அன்ட் இன்டர்நெட்', அதற்குள் 'ஹொட்ஸ்பொட் அன்ட் டெதரிங்', அதற்குள் 'யூ.எஸ்.பி. டெதரிங்'. சில போன்களில் முதல் தலைப்பு 'கனெக்ஷன்ஸ்' என்று இருக்கும். இடத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஆனால் அந்த வரி சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. அழுத்தினால் அசையாது. போன் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கிறது, மின்னல் அடையாளம் தெரிகிறது, டெதரிங் மட்டும் செத்துக் கிடக்கிறது. போனில்தான் பிழை என்று அதைத் திட்டி, அணைத்துப் போட்டு, சிம்மைக் கழற்றிப் பூட்டி, ஒரு மணித்தியாலத்தைத் தொலைத்தேன்.

திரும்பக் கோல். "மாமா, வயரைக் கொழுவினதும் போன்ல 'ஃபைல் ட்ரான்ஸ்ஃபர்' எண்டு ஏதும் கேட்டதா?"

"இல்லை, சார்ஜிங் எண்டு மட்டும்தான்."

"அப்ப வயர்தான் மாமா பிழை. அது சார்ஜ் வயர்."

எல்லாம் சார்ஜ் வயர்தானே என்றேன். அவன் சிரித்தான்.

பிறகொரு நாள் அந்த வயரைப் பிளேடால் கீறிப் பார்த்தேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மலிவாக வாங்கியது. வெளியில் தடித்த வெள்ளை உறை, பார்க்க வடிவு. உறைக்குள் ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு, இடம் நிரப்ப நூல் மாதிரி ஏதோ. அவ்வளவுதான். சிவப்பும் கறுப்பும் 5 வோல்ட் மின்சாரம் கொண்டுபோகிற கம்பிகள். ஒழுங்கான யூ.எஸ்.பி. வயரில் இன்னும் இரண்டு மெல்லிய கம்பி இருக்க வேண்டும், வழக்கமாக வெள்ளையும் பச்சையும். தரவு போவது அவற்றில்தான். அந்த இரண்டும் இல்லையென்றால் கம்பியூட்டர் போனை ஒரு பற்றரியாக மட்டும்தான் பார்க்கும். போனும் கம்பியூட்டரை ஒரு பிளக் பொயின்ட்டாகத்தான் பார்க்கும். டெதரிங் மங்கிக் கிடந்ததற்கு அதுதான் காரணம். போனுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு கம்பியூட்டர் இருப்பதே தெரியாது.

லாச்சியைக் கவிழ்த்துக் கொட்டினேன். ஒன்பது வயர். எங்கள் வீட்டில் இவ்வளவு வயர் இருப்பது அன்றுதான் தெரியும். மூன்று பழைய சிறிய மூக்கு, என் போனுக்குச் சேராது. ஒன்று இரண்டு பக்கமும் சீ வகை. டெஸ்க்டொப்பில் அந்த வாய் இல்லை. மிச்சத்தில் இரண்டு, முதலாவதின் கூடப்பிறந்தவை, அதே வெள்ளை உறை, அதே ஏமாற்று. கடைசியில் மனைவியின் பழைய போனோடு பெட்டியில் வந்த வயர் ஒன்று அகப்பட்டது. அதன் முனையில் பச்சையாய்க் களிம்பு. கடற்கரையிலிருந்து முந்நூறு மீட்டரில் வீடு கட்டினால் பூட்டு, கதவு, பிணைச்சல் எல்லாம் உப்புக்காற்றுக்குக் கொடுக்க வேண்டிய வாடகைதான், வயருக்கும் விலக்கில்லை. பழைய டூத்பிரஷில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு மெதுவாகத் தேய்த்து, மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் காயவிட்டுக் கொழுவினேன். போன் உடனே கேட்டது: ஃபைல் ட்ரான்ஸ்ஃபரா, சார்ஜிங்கா?

ஆனாலும் டெதரிங் வரி மங்கல்தான். இம்முறை வயரில் பிழையில்லை. பக்கேஜ் சீக்கிரம் முடிகிறதென்று எப்போதோ நான் போட்டுவைத்த 'டேட்டா சேவர்' மறித்துக்கொண்டிருந்தது. அது இயங்கும்போது போன் தன் நெட்டை ஹொட்ஸ்பொட்டிலும் கொடுக்காது, வயரிலும் கொடுக்காது. அதை அணைத்ததும் டெதரிங்குக்கு உயிர் வந்தது.

அழுத்தினேன். கம்பியூட்டர் 'டிங்' என்றது. வலது மூலையில் நெட் இல்லை என்று நின்ற குறி மாறி, வயர் நெட் குறி வந்தது. என் வின்டோஸ் 10 எந்த மென்பொருளும் கேட்கவில்லை. கருவிகளின் பட்டியல் இருக்கும் டிவைஸ் மனேஜரில் பார்த்தால் 'ரிமோட் என்டிஸ்' என்று தொடங்கும் பெயரில் புது நெட்வேர்க் கார்ட் ஒன்று. அதாவது போன் கம்பியூட்டரிடம் தன்னை ஒரு நெட்வேர்க் கார்டாகச் சொல்லிக்கொள்கிறது, கம்பியூட்டரும் ரவுட்டர் வயர் கொழுவியதாக நம்பிவிடுகிறது. வின்டோஸ் 7 வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அண்ணைக்குப் பிறகு இதைச் செய்து கொடுத்தபோது தானாக வரவில்லை. டிவைஸ் மனேஜரில் மஞ்சள் குறியோடு நின்றதை வலது கிளிக் செய்து, டிரைவரை, அதாவது கருவியை இயக்கும் மென்பொருளை, நாங்களே பட்டியலிலிருந்து தெரிவு செய்ய வேண்டியிருந்தது: நெட்வேர்க் அடப்டர்ஸ், மைக்ரோசொஃப்ட், 'ரிமோட் என்டிஸ் கொம்பாட்டிபிள் டிவைஸ்'. அவருடைய மகளிடம் இருப்பது ஐபோன். அதற்கு வின்டோஸில் ஐடியூன்ஸ் போட்டு, வயரைக் கொழுவினதும் போனில் வருகிற 'ட்ரஸ்ட்' என்பதை அழுத்த வேண்டியிருந்தது.

மலருக்கு வருவோம். 'டிங்' வந்த சந்தோசத்தில் நாற்காலியை இழுத்தேன், கால் கேபிளில் பட்டது, 'டொங்'. நெட் போயிற்று. கம்பியூட்டரின் முன்பக்க யூ.எஸ்.பி. வாய் ஆடிப்போயிருந்தது, பென் டிரைவ் செருகிச் செருகி வந்த வினை. ஒவ்வொரு 'டொங்'குக்குப் பிறகும் போனில் டெதரிங் தானாக அணைந்துவிடும், திரும்பப் போய் அழுத்த வேண்டும். பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கிற வாய்க்கு மாற்றினேன். அதோடு அந்தத் தொல்லை ஓய்ந்தது.

வயர் ஒரு மீட்டர்தான். போன் மேசைக்கடியில் கிடந்தால் சிக்னல் இரண்டு கோடு. எனவே மேசை, கம்பியூட்டர், நான் எல்லோருமாய் ஜன்னலுக்கு நகர்ந்தோம். முதலில் கடல் பக்க ஜன்னலுக்கு, காற்று நல்லதென்று. கடலுக்குள் டவர் ஏது? மனைவி ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ரோட்டுப் பக்க ஜன்னலுக்கு. நாலு கோடு.

இரவு பதினொன்றரை. கோப்பு 380 எம்.பி. இருந்த பக்கேஜில் இரவு டேட்டா பன்னிரண்டுக்குப் பிறகுதான் தொடங்கும், அரை மணித்தியாலம் பொறுத்து அனுப்பலாமென்று தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனேன். வந்து பார்த்தால் போனில் எச்சரிக்கைச் செய்தி: பகல் டேட்டா முடியப்போகிறது. ஒன்றுமே செய்யாமல் 2 ஜி.பி. போயிருந்தது! வின்டோஸ் அப்டேட். ஒரு நாள் நெட் இல்லாமல் பட்டினி கிடந்த கம்பியூட்டர், ரவுட்டர் லைன் வந்துவிட்டதென்று நினைத்து வாய் நிறைய அள்ளிப் போட்டிருக்கிறது. வயரால் வருவது யாருடைய காசு என்று அதற்கு எப்படித் தெரியும்?

இதைத்தான் எல்லோருக்கும் முதலில் சொல்கிறேன். நெட் வந்த கையோடு வின்டோஸ் செட்டிங்ஸில் 'நெட்வேர்க் அன்ட் இன்டர்நெட்', 'ஈதர்நெட்' என்று போய், அந்தப் புது இணைப்பை அழுத்தி, 'செட் அஸ் மீட்டர்ட் கனெக்ஷன்' என்பதைப் போட்டுவிடுங்கள். பெரிய அப்டேட்கள் தானாக இறங்காமல் நிற்கும். பின்னால் ஓடுகிற கிளவுட் சேமிப்பையும் நிறுத்தி வையுங்கள். என் கம்பியூட்டரில் பேரப்பிள்ளையின் பிறந்தநாள் வீடியோக்கள் அந்தச் சாமத்தில் அமெரிக்காவுக்கு ஏறிக்கொண்டிருந்தன.

பன்னிரண்டு ஐந்துக்கு மலர் ஏறத் தொடங்கியது. ஒரு மணிக்கு முன் போய்ச் சேர்ந்தது.

திங்கள் காலை முகப்பு அட்டையை மாற்றச் சொன்னார்கள். அதை அனுப்பிக்கொண்டிருக்க, பாதியில் நின்றது. பார்த்தால் கோயில் செயலாளர் கோலில்.

"மலர் போச்சுதா ஐயா?"

"நீங்க கோலை வச்சாப் போகும்."

என் போனில் வோல்ட்டீ, அதாவது 4ஜி-யிலேயே கோல் கதைக்கும் வசதி, அணைந்திருந்தது. அது இல்லாவிட்டால் கோல் வரும்போது போன் 4ஜி-யை விட்டுப் பழைய வலையமைப்புக்கு இறங்கும், டேட்டா நிற்கும் அல்லது ஊரும். மருமகன் சொல்லி அதைப் போட்டேன். அன்றிலிருந்து செயலாளர் எவ்வளவு நேரம் கதைத்தாலும் கோப்பு தன்பாட்டில் போனது. அதோடு இன்னொரு வசதியும் செய்து தந்தான்: 'அபவுட் போன்' பகுதியில் 'பில்ட் நம்பர்' என்பதை ஏழு தரம் தட்டினால் 'டெவலப்பர் ஒப்ஷன்ஸ்' திறக்கும், அதில் 'டிஃபோல்ட் யூ.எஸ்.பி. கொன்ஃபிகரேஷன்' என்பதை டெதரிங்காக மாற்றிவிட்டால், வயரைக் கொழுவினதும் நெட் தானாக வரும். அதற்குள் மற்றவற்றைக் கிண்டாதேங்கோ மாமா என்று இரண்டு தரம் சொன்னான். கிண்டவில்லை.

போன் சூடாகும், அது உண்மை. உறையைக் கழற்றி, வெறும் மேசையில், மின்விசிறிக் காற்றுப்படும்படி வைத்தேன். ஹொட்ஸ்பொட்டில் போல பற்றரி கரைவதில்லை. வயர் சார்ஜும் செய்கிறது. என்றாலும் பழைய யூ.எஸ்.பி. வாய் தருவது 500 மில்லி அம்பியர்தான், நாள் முழுக்க வேலை செய்தால் மெல்ல இறங்கத்தான் செய்யும். இரவில் சுவர் சார்ஜரில் போட்டேன்.

புதன்கிழமை நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். பக்கேஜ் முடிந்து ரீலோட் பண்ணப் புறப்பட்டபோது, மதிலுக்கு மேலால் தலையை நீட்டிய பக்கத்து வீட்டு அண்ணை, "என்ர லைன் வந்திட்டுது, வைஃபையைப் பாவியுங்கோவன்" என்று பாஸ்வேர்டைச் சொன்னார். என் கம்பியூட்டரில் வைஃபை இல்லையே என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். போனில் வைஃபை இருக்கிறதே! போனை அவருடைய வைஃபையில் போட்டு, டெதரிங்கை அப்படியே விட்டேன். போன் அந்த நெட்டை வாங்கி வயரால் கம்பியூட்டருக்குக் கொடுத்தது. சிம் டேட்டா அசையவில்லை. டொங்கிள் வாங்க வைத்திருந்த காசில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாய் ஒரு கிலோ கச்சான் வாங்கினோம்.

நல்ல வயரில் சிவப்பு டேப் சுற்றி, தொடக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டேன்.

ஒன்பதாம் நாள் லைன்காரத் தம்பி வந்தார். ரவுட்டரை மாற்றி, நாலு லைட்டும் எரிய வைத்து, என் கையெழுத்தை வாங்கினார். பிறகு தன் போனைப் பார்த்து, "சார்ஜ் இல்லை ஐயா, ஒரு வயர் இருக்குமா?" என்று கேட்டார். லாச்சியைத் திறந்து வெள்ளை உறை வயரைக் கொடுத்தேன்.